ஊராரெல்லாரும் அறிவார்கள்

பெரியம்மாவின் அடக்க ஆராதனையில் போதகர் ஐயா நீதிமொழிகள் 31-ஐ வாசித்தார். நம் சபைகளில் வழக்கம்தான். கல்யாணத்தில் மணமகளுக்கும் அதே அதிகாரம், அடக்கத்தில் வயசான அம்மாவுக்கும் அதே அதிகாரம். “குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?” என்று ஆரம்பித்து, புருஷனும் பிள்ளைகளும் அவளைப் புகழ்வதில் வந்து நிற்கும். பெரியம்மா கல்யாணமே செய்துகொள்ளாதவர். தஞ்சாவூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுத்தார். போதகர் ஐயா மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குத் தெரிந்ததை அன்போடு சொன்னார். சபைக்கு உண்மையாக இருந்தார், பெண்கள் ஐக்கியத்தில் உழைத்தார், காணிக்கை தவறியதில்லை, முடியாத நாளிலும் ஆட்டோ பிடித்து ஆராதனைக்கு வந்தார். எல்லாமே உண்மை. ஒரு சொல்கூட மிகை இல்லை.

ஆனால் கோவில் வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. இட்லிக் கடை அக்கா, மாவு மில்லில் வேலை செய்பவர், துணி தைக்கும் ஒரு முஸ்லிம் அம்மா, அந்தத் தெருவைப் பெருக்குகிறவர். பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது இட்லிக் கடை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “இனிமே நான் யாருகிட்டப் போயி குடுத்து வைப்பேன்?” என்றார். உள்ளே முக்கால் மணி நேரம் கேட்ட பிரசங்கத்தில் எனக்கு இன்று ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். இந்த ஒரு வரி மட்டும் போகவே இல்லை. 2018 ஜனவரியில் கேட்டது. இன்னும் காதில் இருக்கிறது.

நோட்டு

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பெரியம்மாவின் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில், பழைய வேதாகமங்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் அடியில், நீளவாக்கில் திறக்கும் ஒரு கணக்கு நோட்டு. காக்கித் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருந்தது. டீச்சர் பழக்கம் விடுமா? லேபிளில் பெயர் இல்லை, வகுப்பு இல்லை. ‘ஒப்புவிக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு சொல். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில், ‘உன்னிடத்தில் ஒப்புவிக்கப்பட்டதை நீ காத்துக்கொண்டு’ என்று வருகிற சொல் அது.

பெரியம்மா தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்தியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். குலுக்கல் சீட்டு, கமிஷன் கிடையாது. ஆனால் எப்படி நடத்தினார் என்று அந்த நோட்டைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. 1999-ல் ஒரு சீட்டு. இருபது பேர், மாதம் 500 ரூபாய். மூன்றாம் மாதம் குலுக்கலில் ஒரு பெண்ணுக்கு விழுந்திருக்கிறது. பத்தாயிரம் வாங்கிக்கொண்ட அடுத்த வாரம் அந்தக் குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. இதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோட்டில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததற்கான அடையாளமே இல்லை. நாலாவது மாதத்திலிருந்து இருபதாவது மாதம்வரை அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ‘வரவு 500’, ‘வரவு 500’ என்று மற்றவர்களுக்கு எழுதியது போலவே நீல மையில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும். பின்பக்கத்தில் அவருடைய சொந்தச் செலவுக் கணக்கில், அதே மாதங்களில், ‘சீட்டு 2’ என்று இருந்தது. பதினேழு மாதம், 8,500 ரூபாய்.

அந்தப் புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் கட்டியதை விட எனக்கு அது பெரிதாகப் பட்டது. சீட்டுப் பிடிக்கிற வீட்டில் நோட்டை எல்லாரும் புரட்டிப் பார்ப்பார்கள். யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று பார்க்காத ஆள் உண்டா? ‘ஓடிப்போனாள்’ என்று எழுதியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியம்மா எழுதவில்லை. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அவர் எங்களுக்குத் துணி எடுத்துத் தரவில்லை. வருஷா வருஷம் எடுத்துத் தருகிறவர். அம்மாவுக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம். ஏன் என்று பதினெட்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது.

சீட்டு நின்றுபோன பிறகும் பெண்கள் பணம் கொண்டுவந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்தால் புருஷன் எடுத்துவிடுவான், பேங்குக்குப் போகக் கூச்சம். ஆளுக்கு ஒரு பக்கம். ஐம்பது, நூறு, இருபது என்று சின்னச் சின்ன எண்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது, எழுபத்து நாலு வயசில், இவர்களுடைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் ‘மாற்றியது’ என்று தேதி போட்டிருந்தது. பணம் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில், ரப்பர் பேண்டு போட்டு, மேலே பெயர் எழுதி பீரோவிலேயே இருந்தது.

ஆறு கவர்கள். அந்த வாரமே ஐந்து பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஆறாவது கவரில் ‘பூக்கார அம்மா’ என்று எழுதியிருந்தது. 18,650 ரூபாய். அந்த அம்மா முந்தின அக்டோபரிலேயே இறந்துபோயிருந்தார். யாரும் கேட்டு வரவில்லை.

விசுவாசம் என்கிற கனி

நான் செய்ததைச் சொல்கிறேன். பெரியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதை நான்தான் கட்டினேன். கவரைப் பார்த்த என் தம்பி, “நீதானே செலவு பண்ணே, இதுல வச்சுக்கோ. அந்தப் பாட்டியே இல்லை, யாருக்குத் தெரியப் போகுது?” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் இருந்த பரிவில் சொன்னான். நான் ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. “பார்த்துக்கலாம்” என்றேன். கவரைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். பிப்ரவரி போனது. மார்ச்சில் பையனின் பள்ளி வேன் கட்டணத்துக்குக் கையில் பணம் இல்லாத ஒரு நாள், கவரிலிருந்து ஐயாயிரம் எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஏப்ரலும் போனது. வைக்கவில்லை.

நான் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறவன். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அந்த வருஷம் ஆவியின் கனி என்று தலைப்பு. பரிசுத்த ஆவியால் மனிதனில் விளைவதாகப் பவுல் சொல்கிற ஒன்பது குணங்கள். சார்ட்டில் ஒன்பது பழம் வரைந்து ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுத வேண்டும். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம் வரைக்கும் எழுதினேன். ஏழாவது விசுவாசம். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பட்டியல்தான். அன்று ராத்திரி, ஸ்கெட்ச் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். விசுவாசம் என்றால் நாம் ஆண்டவரை நம்புவது என்றுதான் எப்போதும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள மற்ற எட்டும் பக்கத்து மனிதனுக்குத் தெரிகிற குணங்கள் அல்லவா? தயவையும் பொறுமையையும் அடுத்தவன் உணர்வான். அவற்றின் நடுவே இது மட்டும் எப்படி எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிற ரகசியமாக இருக்கும்? கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல் பிஸ்டிஸ். நம்புவது என்றும் பொருள், நம்பத்தக்கவனாக இருப்பது என்றும் பொருள். தமிழிலும் அப்படித்தான். ‘நன்றி விசுவாசம் உள்ளவன்’ என்று ஊரில் சொல்லும்போது அவன் எதை நம்புகிறான் என்று யாரும் பேசுவதில்லை. அவனை நம்பலாமா என்பதுதான் பேச்சு.

இட்லிக் கடை அக்காவின் அழுகை அப்போது எனக்கு வேறு மாதிரி கேட்டது. வேப்ப மரத்தடியில் அவர் சொன்ன சாட்சி இதுதான். பெரியம்மா எதை விசுவாசித்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. பெரியம்மாவை விசுவாசிக்கலாம் என்று தெரியும்.

குணசாலி என்ற சொல் வேதாகமத்தில் இன்னொரு இடத்திலும் வருகிறது. ராத்திரி நேரத்தில், நெல் போரடிக்கிற களம் போன்ற வாற்கோதுமைக் களத்தில், வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் ரூத்திடம் சொல்கிறான்: “நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்.” கல்யாண வீடுகளில் நாம் நீதிமொழிகளை வாசிக்கிறோம், இதை வாசிப்பதில்லை. ரூத் மோவாபியப் பெண். சபைக்கு வெளியே பிறந்தவள். அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வீடு இல்லை. அறுப்பறுக்கிறவர்கள் விட்டுப்போன கதிரைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டவள். நீதிமொழிப் பெண்ணிடம் இருந்த ஒன்றுகூட இவளிடம் இல்லை. ஆனாலும் எபிரெயத்தில் இருவருக்கும் ஒரே பட்டம், ‘ஏஷெத் ஹயில்’. ஹயில் என்றால் பலம், வீரம், சில இடங்களில் படை என்றே பொருள். இதில் எனக்கு மனசில் தைத்தது ஒன்று உண்டு. அதே ஹயில் போவாஸுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அவனுக்கு அது ஆஸ்திக்காரன் என்று வந்திருக்கிறது, அவளுக்குக் குணசாலி என்று வந்திருக்கிறது. ஆணிடம் சொத்தைப் பார்ப்பதும் பெண்ணிடம் குணத்தைக் கேட்பதும் எவ்வளவு பழைய பழக்கம்! என்னைக் கேட்டால் அவனையும் குணசாலி என்றே எழுதியிருக்கலாம். பசித்தவளுக்குத் தெரியாமல், வேண்டுமென்றே அரிகளைச் சிந்தவிடச் சொன்னவன் அவன்.

ஆயிரம் மாடுகள்

சின்ன வயசில் விடுமுறைக்குத் தஞ்சாவூர் போனால் பெரியம்மா எங்களைச் சிவகங்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். பக்கத்திலேயே சுவார்ட்ஸ் ஐயர் கோவில். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி அவர். உள்ளே பளிங்கில் ஒரு சிற்பம். படுக்கையில் சாகக் கிடக்கிறார் ஐயர், அவருடைய கையைப் பிடித்தபடி சரபோஜி மன்னர் நிற்கிறார். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி மன்னரே செய்வித்தது. அதன் முன்னால் நிற்கவைத்துப் பெரியம்மா எங்களுக்கு மாட்டுக் கதை சொல்வார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் சொல்வாராம்.

1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது அனுப்ப நினைத்தது. கம்பெனியின் வாக்கை நம்பி நம்பி ஏமாந்தவர் ஹைதர். ‘அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார்’ என்றாராம். சுவார்ட்ஸ் போனார். திரும்பும்போது வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைச் சென்னையில் அரசாங்கத்திடமே கொடுத்தார். அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் தஞ்சையில் ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு அதைப் போட்டார். தூது பலிக்கவில்லை. அடுத்த வருஷமே போர் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியில் சாக ஆரம்பித்தார்கள். வெளியூர்களில் நெல் இருந்தது, உள்ளே கொண்டுவர மாடு இல்லை. மாடு இருந்த குடியானவர்கள் தர மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கே அரண்மனை கூலி தரவில்லை. ராஜா சொல்லியும் யாரும் அசையவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ், எதிரி பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் நான் பணம் தருகிறேன் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. சீக்கிரத்திலேயே 80,000 கலம் நெல் உள்ளே வந்தது. எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் விடாமல் கூலி கொடுத்து, மேலே சின்ன வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

அந்த மாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அவர் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவருடைய கல்லறைக்குப் பாட்டெழுதிய சரபோஜியும் கடைசிவரை தன் மதத்திலேயே இருந்தவர். அந்தப் பாட்டில் அவரை வேஷமில்லாதவர் என்றும், அநாதைகளின் தகப்பன் என்றும், விதவைகளின் ஆதரவு என்றும் சொல்கிறார். சபையில் கண்காணியாக வருகிறவன் சபைக்குப் புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயிருக்க வேண்டும் என்று பவுல் எழுதியதற்கு, நம் மண்ணில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனசில்லை. சுவார்ட்ஸ் காலத்துச் சபையிலேயே சாதிவாரியாகத் தனித்தனிப் பக்கம் உட்கார்ந்தார்கள். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சையில் நிறையப் பேர் சபையை விட்டே விலகினார்கள். பெரியம்மா வீட்டிலும் பின்வாசல் மாடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்பு நெளிந்த டம்ளர். தெரு பெருக்குகிறவருக்கும் பூக்கார அம்மாவுக்கும் அதில்தான் தண்ணீர், காபி. நான் கல்லூரிக்குப் போன வருஷங்களில் எப்போதோ அந்த டம்ளர் மாடத்தில் இல்லை. பூக்கார அம்மா கூடத்தில், நாங்கள் குடிக்கிற டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெரியம்மா அதற்காக எவ்வளவு நாள் தன்னோடு போராடினாரோ! நோட்டில் பூக்கார அம்மாவின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பூக்கார அம்மா முதன்முதலில் பணம் கொடுத்து வைத்தது 2001-ல். டம்ளர் போனதற்குப் பிறகு.

மே மாதம்

சார்ட்டை முடிக்காமலே படுத்தேன். மறுநாள் காலை ஏடிஎம்மில் ஐயாயிரம் எடுத்துக் கவரில் வைத்தேன். சனிக்கிழமை தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பூக்கார அம்மாவின் மகன் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கீழவாசல் பக்கம், சந்துக்குள் சந்து. பெயிண்ட் வேலை செய்கிறவர், கையெல்லாம் வெள்ளைப் புள்ளி. டீச்சரம்மா வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொல்லி மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

கவரைக் கொடுத்து, “இது அம்மாவோட பணம். பெரியம்மா கிட்டக் கொடுத்து வச்சிருந்தாங்க. நான் கொண்டுவரத் தாமதமாயிடுச்சு” என்றேன். தாமதம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை. நடுவில் ஐயாயிரம் எடுத்ததையும், திரும்ப வைத்ததையும் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் கவரைப் பிரிக்கவே இல்லை.

“தெரியும் தம்பி. சாவுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மா சொல்லுச்சு, டீச்சரம்மா கிட்ட பணம் கெடக்குன்னு.”

“அப்புறம் ஏன் அண்ணே வந்து கேக்கல? எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போனாங்களே.”

“அவங்க வீட்டுலயே சாவு. அந்த நேரத்துல போயி பணம் கேக்கறதா? அது எங்க போயிரப் போவுது, அந்த வீட்டுல இருக்கறது?”

நாலு மாதம். ஒரு சாவுக்குச் செலவழித்த கடன் அந்த வீட்டில் இருந்திருக்கிறது, பேச்சுவாக்கில் தெரிந்தது. வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தப் பணம் எங்கும் போகாது என்ற நிச்சயத்தில் ஒரு நாள்கூட அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. அந்த நாலு மாதமும் அது என் பீரோவில், என் பையனின் வேன் கட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணிப் பாருங்கள் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். எதுக்கு என்று சிரித்துக்கொண்டே சாமிப் படத்துக்குக் கீழே கவரை வைத்தார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அம்மாவின் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு வரவைக் காட்டி, இது என் தங்கச்சி வளைகாப்புக்கு முந்தின மாசம் என்றார். கடைசி வரிக்குக் கீழே நான் தேதி போட்டு, ‘கொடுத்தாயிற்று’ என்று எழுதினேன். பெரியம்மாவின் நீல மைக்குக் கீழே என் கறுப்பு மை அசிங்கமாகத் தெரிந்தது.

அவருடைய மனைவி டீ கொண்டுவந்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர். குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அவர், புருஷன் உள்ளே போகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். சுருட்டிய நோட்டுகள்.

“நீங்க அந்த வீட்டுப் புள்ளதானே தம்பி? இதுல மூவாயிரம் இருக்கு. இங்க இருந்தா நிக்காது. கொஞ்ச நாள் வச்சிருக்கீங்களா?”